இருபத்து நான்கு சாம்பல் கட்டங்கள்

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் உன் தங்கை வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். மாடி அறையில் வெக்கை அதிகம் என்று எழுதியிருந்தாய். மேஜை மின்விசிறி ஒன்று அனுப்பட்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

போனில் பேசக் கூடாது, பேசினால் நான் உன்னை மடக்கிவிடுவேன் என்று சட்டம் போட்டாய். சொல்ல வேண்டியதெல்லாம் கடிதத்தில், போனில் காலையில் வார்த்தை விளையாட்டின் கட்டங்கள் மட்டும். நாலு மாதமாக ஒரு நாள் விடாமல் அதன்படி நடந்துகொண்டிருக்கிறேன். தினமும் எல்லாருக்கும் ஒரே நாலெழுத்து வார்த்தை, கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை, இடம் மாறி விழுந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு நமக்குள் நடக்கிற பேச்சு இவ்வளவுதான். பரவாயில்லை, இதிலாவது நான் கெட்டிக்காரன் என்று தெரிந்திருக்குமே. நேற்று இரண்டே வரியில் முடித்தேன், பார்த்தாயா? நீ ஐந்து வரி எடுத்துக்கொண்டாய்.

கடையில் ஜிப்பும் எலாஸ்டிக்கும் நன்றாகப் போகின்றன. கோட் பட்டன்தான் தூங்குகிறது. கணக்குப்பிள்ளை தினமும், "அண்ணி எப்ப வருவாங்க?" என்கிறார். "உன் வேலையப் பாருய்யா" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

உன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ரொம்ப மோசம் என்று போன் வந்தபோது, கடையின் புதுக் கிளைத் திறப்பு முடியட்டும் என்று இரண்டு நாள் உன்னிடம் மறைத்தேன். நீ போய்ச் சேர்வதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். தப்புதான். இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் கடைக்காரன்


ஜூன் 9

அன்புள்ளவருக்கு,

மின்விசிறி வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்துவிட்டாராம். "பரீட்சைல நான் எப்பவும் ஃபெயிலானது இல்லம்மா" என்று சிரித்தார். பாஸாகித் தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் படியில் தடுக்கி விழுந்து திரும்பி வந்தார்.

நீங்கள் அனுப்பும் கட்டங்களில் முதல் வரி முழுக்கச் சாம்பல். இரண்டாவது வரி முழுக்கப் பச்சை. ஒரு எழுத்துகூடத் தெரியாமல் இருந்தவருக்கு அடுத்த வரியிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒரு நாள் என்றால் அதிர்ஷ்டம். போன மாதம் மட்டும் ஒன்பது நாள்.

நான் எதற்கு இதை விளையாடச் சொன்னேன், தெரியுமா? ஜெயிப்பதைப் பார்க்க அல்ல. நீங்கள் ஒன்று தெரியாமல் தடுமாறி, யோசித்து, தப்புப் போட்டு, மறுபடி போடுவதைக் காலையில் ஐந்து நிமிஷமாவது பார்க்கலாம் என்றுதான். வீட்டில் அதை நான் பார்த்ததே இல்லை.

மாதக் கடைசியில் வந்து உட்கார்ந்து பேசலாம் என்று ரயிலுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். அதற்கு முன், அந்தச் சாம்பல் எப்படி அடுத்த வரியிலேயே பச்சையாகிறது என்பதற்குப் பதில் எழுதுங்கள்.

கண்ணாடிக்காரி


ஜூன் 14

அன்புள்ள உனக்கு,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். முதல் தாளில் அதிர்ஷ்டம் என்று எழுதினேன். இரண்டாவதில் கணக்குப்பிள்ளை மேல் பழி போட்டேன். மூன்றாவது எனக்கே படிக்கச் சகிக்கவில்லை.

பழைய போன் ஒன்று மேஜை இழுப்பறையில் இருக்கிறது. காலையில் அதில் ஆறு வாய்ப்பையும் தீர்த்து, வார்த்தை என்னவென்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் நல்ல போனில் விளையாடுவேன். சந்தேகம் வரக் கூடாதென்று நடுநடுவே நாலு வரி ஆக்குவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தெருவில் ஊசி நூல் விற்று மேலே வந்தவன். படித்த பெண்டாட்டி முன்னால் ஒரு வார்த்தை தெரியாமல் முழிக்க மனசு வரவில்லை. இதுதான் உண்மை.

நாளை முதல் ஒரே போன். வருவதாகத்தானே இருக்கிறாய்?

உன் கடைக்காரன்


ஜூன் 18

அன்புள்ள உனக்கு,

இன்று காலை நான் அனுப்பியதைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பாய். ஆறு வரி, இருபத்து நான்கு கட்டம், அத்தனையும் சாம்பல். பேருக்கு ஒரு மஞ்சள்கூட இல்லை. சரக்கு, கரும்பு, பள்ளம், எலும்பு என்று வாயில் வந்ததையெல்லாம் போட்டேன். கை வியர்த்துவிட்டது. கடைசியில் வார்த்தையைக் காட்டினான் பார், 'பொத்தான்'!

கடையில் யார் பொத்தான் என்கிறோம்? பட்டன் என்றுதான் கேட்கிறார்கள், பட்டன் என்றுதான் எடுத்துக் கொடுக்கிறோம். கல்லா மேஜைக்குப் பின்னால் கூரை வரைக்கும் பட்டன் டப்பா. அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தோற்றேன். கணக்குப்பிள்ளை, "என்ன முதலாளி, தனியா சிரிக்கிறீங்க?" என்றார். தோற்றுவிட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நீ பார்க்க ஆசைப்பட்டது இதைத்தானே? பார்த்துக்கொள். இருபத்தெட்டாம் தேதி ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

உன் கடைக்காரன்


ஜூன் 23

அன்புள்ளவருக்கு,

கடையில் உங்கள் பக்கத்தில் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். "இந்த விலைக்குக் குடுத்தா எனக்கு நஷ்டம்மா, உங்க முகத்துக்காகத் தர்றேன்" என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு சோகம் வரும். தையல்காரம்மா நம்பி வாங்கிக்கொண்டு படியிறங்கியதும் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நீங்கள் தடுமாறுவதைப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதிய ஒன்பதாம் நாள், முழுசாகத் தோற்று அனுப்பியிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூட ஒரு மஞ்சளாவது விழும். அதுவும் பட்டன் வியாபாரிக்குப் பொத்தான்!

நிஜமாகவே தோற்றிருக்கலாம். கை வியர்த்ததும், தனியாகச் சிரித்ததும் நிஜமாக இருக்கலாம். அந்தக் கட்டங்களை அன்று முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அப்பா விஷயத்தில்கூட அந்த இரண்டு நாளும் என் எதிரில் சாப்பிட்டீர்கள், சிரித்துப் பேசினீர்கள். ஒன்றும் தெரியவில்லை எனக்கு.

கோபம் இல்லை. வாழ்நாள் முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்து இது நிஜமா, பேரமா என்று யோசித்துக்கொண்டே இருக்க என்னால் ஆகாது. பொய்யைக்கூடத் தாங்கிவிடுவேன். நிஜத்தையும் நம்ப முடியவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

முன்பதிவை ரத்து செய்துவிட்டேன். ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். இனிமேல் கட்டங்களும் அனுப்ப வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், மறக்காமல்.

கண்ணாடிக்காரி


ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

கடிதம் வந்தது. கட்டங்கள் அனுப்ப வேண்டாம் என்றாய், அனுப்பவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்று எழுத நினைத்தேன். போனேன். வண்டி வந்து, எல்லாரும் இறங்கி, பெட்டியைப் பூட்டுகிற வரைக்கும் நின்றேன்.

பழைய போனை உடைத்துவிட்டேன் என்றும் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். உடைக்கவில்லை. இழுப்பறையில்தான் கிடக்கிறது, சார்ஜ் இல்லாமல். நல்ல பொருளை உடைக்க எனக்கு மனசு வராது, உனக்குத் தெரியும்.

அன்று தோற்றது நிஜம். இதை எப்படிச் சொன்னால் நம்புவாய் என்று ஒரு வாரமாக யோசித்தேன். எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் சரக்கை விற்கிற பேச்சு. வேறு பேச்சு தெரியவில்லை.

இன்று காலையும் விளையாடினேன். முதல் வரியில் 'சரக்கு' போடவில்லை. நீ எப்போதும் முதலில் போடுவதாக முன்பு எழுதியிருந்த 'கண்ணாடி'யைப் போட்டேன். ஒரு மஞ்சள் விழுந்தது. நான்காவது வரியில் வார்த்தை வந்துவிட்டது. அனுப்ப ஆள் இல்லாததால் போனை மூடிவிட்டுக் கடையைத் திறந்தேன்.

மாத்திரை போட்டுக்கொண்டேன். நம்ப வேண்டாம்.

கடைக்காரன்