காப்பர்தான் என்று சொன்னேன்

இன்று காலை முத்தையாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் கேமரா மாட்டப் புது கேபிள் பெட்டியைப் பிரித்தேன். உள்ளிருந்து வந்த பிளாஸ்டிக் வாடையோடு நீயும் வந்துவிட்டாய், கூட்டாளி. எட்டுக் கம்பிகளையும் பிரித்து வரிசையாக வைக்கும்போது காதருகே உன் குரல்: “வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம்...” நீ போய் மூன்று வருடமாகிறது. இன்னும் கேபிள் முனையில் ஒரு ஜாக்கைக்கூட உன் குரல் இல்லாமல் நான் கிரிம்ப் செய்து மாட்டியதில்லை.

“எல்லாக் கேபிளும் ஒண்ணுதான அண்ணாச்சி? கேட் சிக்ஸ்னு போட்டிருந்தா போதாதா?” என்றார் வீட்டுக்காரர். உன் பதிலைத்தான் சொன்னேன். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் காப்பர். வெளுத்தால் காப்பர் பூசிய அலுமினியம். நம் ஊர் உப்புக்காற்றில் அதன் முனை சீக்கிரம் அரித்துப் போகும், கேமராவுக்குக் கரண்டும் அதிலேயே போனால் தாங்கவே தாங்காது. அவர் தலையாட்டினார்.

நீ இருந்தபோது நாம் எடுத்த அந்த உப்பளத்து ஆபீஸ் வேலை. எட்டு கேமரா. நீ மச்சினன் கல்யாணத்துக்கு சாயர்புரம் போயிருந்தாய். நாம் வழக்கமாக வாங்கும் கேபிள் கடையில் இல்லை. லாரி வர இரண்டு நாளாகும் என்றார்கள். உப்பளத்து முதலாளியோ மணிக்கொரு தரம் போன் போட்டுக் குடைந்தார். கிடைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் குழாய்க்குள் இழுத்துவிட்டு முனையை வெட்டிப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினாய்.

“சுரண்டிப் பாத்தியாலே?”

“பாத்தேன். காப்பர்தான்.”

இழுத்ததை எல்லாம் இனி யார் உருவுவது என்ற சோம்பல். அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை. மறுநாள் நீ வந்து ஜாக்குகளை மாட்டினாய். கண்ணாடி போடச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், போடாமல் கம்பி முனையின் வெளுப்பு தெரியாது. அதோடு, நான் பார்த்துவிட்டேன் என்றால் நீ மறுபடி பார்க்க மாட்டாய்.

நாலு மாதத்தில் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. இரண்டு தடவை போய் முனைகளை வெட்டிப் புதிதாக மாட்டினாய். மறுபடியும் அணைந்தன. வேலையாட்கள் முன்னால் முதலாளி சொன்னார்: “அண்ணாச்சி, ஒங்க கைக்கு வயசாயிட்டு.” சண்டைக்குப் போவாய் என்று நினைத்தேன். நீயோ வண்டியில் ஏறும் முன் ஜாக் மாட்டும் கிரிம்பிங் டூலை என் பையில் போட்டாய்.

“இனி நீயே பாத்துக்கலே. எனக்குக் கை நடுங்குது போல.”

“அதெல்லாம் ஒண்ணும் நடுங்கல” என்றேன். கேபிளை மாற்றிவிட்டு உண்மையை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன். பத்தாம் நாள் உனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

உன் காரியம் முடிந்த பிறகு அந்தக் கேபிள் அத்தனையையும் உருவிப் போட்டு நல்ல காப்பர் இழுத்தேன். எட்டும் பளிச்சென்று தெரிந்தன. முதலாளி என் தோளில் தட்டினார். “பாத்தியளா, கை மாறினதும் சரியாயிட்டு!” அங்கேயும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், பாவி.

இன்று மாடியிலிருந்து இறங்கியதும் வண்டியை நேரே உப்பளத்துக்கு விட்டேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேபிள்தான் மட்டம், வாங்கியது நான், பொய் சொன்னதும் நான், உன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“யாரு? ஒங்க கூட ஒருத்தரு வருவாரே, அவரா? இப்பம் எங்கன இருக்காரு? நல்லா இருக்காரா?”

அவருக்கு எல்லாம் மறந்தே போயிருந்தது. உன் கைக்கு வயதாகிவிட்டது என்ற அந்தச் சொல்லை நம்பியவன் நீ ஒருவன்தான், நம்பியபடியே போய்விட்டாய். உன் கை நடுங்கவில்லை. இதைச் சொல்ல எனக்குப் பத்து நாள் இருந்தது.