வராத காருக்குப் போட்ட தரை

உ
முருகன் துணை

ஆரணி
29.11.2005, செவ்வாய்

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் காவ்யாவும் குழந்தையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போன் இருப்பது தறி ரூமுக்கு எதிரில், நான் ரிசீவரைத் தொட்டாலே உங்கப்பா தறியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார். இன்றைக்கு ஜரிகை வாங்க முள்ளிப்பட்டு போயிருக்கிறார், அந்த நேரத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு தேவகியின் மாப்பிள்ளை முருகேசன் நாளைக்கு மஸ்கட் கிளம்புகிறான், வியாழக்கிழமையே உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். கூடவே கொடுத்தனுப்புகிற ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படி.

தீபாவளிக்குப் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. போன செவ்வாய்க்கிழமை சொம்பைக் காணோம் என்று தேடிக்கொண்டு தறி ரூமுக்குள் போனேன். உங்கப்பா குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார், இரண்டு காலுக்கும் முழங்கால் வரைக்கும் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை மாட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். இது என்ன வேஷம் என்று குனிந்து பார்த்தால் தறிக் குழிக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், மிதியை மிதிக்க மிதிக்கச் சளக் சளக் என்கிறது. நான் போட்ட கத்தலில் தேவகி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். விசாரித்தால் பதினைந்து நாளாக இந்தக் கூத்து நடக்கிறது. காலையில் நான் பால் வாங்கப் போகிற நேரம் பார்த்து பெயிண்ட் டப்பாவில் மொண்டு மொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஊற்றியிருக்கிறார். வாசல் வழியாக எடுத்துப் போனால் ஈரத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேனாம். ஜன்னலுக்குக் கீழே என்ன இருக்கிறது, அதே சுவர்தானே. ஊற்றின தண்ணீர் சுவர் ஓரத்திலேயே நின்று மத்தியானத்துக்குள் கசிந்து குழிக்கே வந்துவிடுகிறது, மறுநாள் மறுபடியும் அதே தண்ணீரை மொள்கிறார். முப்பத்தெட்டு வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன், எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவருக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். பையை அவிழ்த்துப் பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், இடது சுண்டுவிரல் பக்கம் வெடித்து நிறமே மாறிக் கிடக்கிறது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, இன்னும் பத்து நாள் இந்தக் காலை ஈரத்தில் வைத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் உங்கப்பா, "அந்தாளு சும்மா பேஜார் பண்றான்" என்கிறார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சரி, இதை ஏன் மறைத்தார் என்று கேட்பாய். போன பொங்கலுக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? குழியை மூடி டைல்ஸ் போட்டு ஏசி வைத்துவிடலாம், அப்பா நிம்மதியாக உட்காரட்டும் என்றாய். நீ சொல்லிவிட்டு மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டாய், அவர் அதை மனசிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். "அவனாண்ட சொல்லிடாத, தண்ணி வருதுன்னு தெரிஞ்சா மொதல்ல குழியத்தான் மூடச் சொல்லுவான், அப்புறம் நான் நாள் பூரா டிவிய பாத்துகினு குந்திகினு இருக்கணுமா" என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன், பாவம் வந்தால் பாதி உனக்கு.

கொத்தனார் சடையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தறி ரூமை ஒட்டி நீ கட்டின கார் ஷெட் தரையில் அவன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான். கூப்பிட்ட மாதிரி அத்தனையும் தறி ரூம் சுவருக்கே ஓடியது. "வாட்டம் வூட்டுப் பக்கமா கீதும்மா, மாடித் தண்ணி மொத்தமும் அஸ்திவாரத்துல எறங்குது, அன்னிக்கே சொன்னேன், சார் கேக்கல" என்றான். சார் என்றால் நீதான். கார் இடிக்காமல் ஏற வேண்டும் என்று தரையை ரோடு மட்டத்துக்கு உயர்த்தச் சொன்னதும் நீதான், முன்பக்கச் சுவரில் கறை படியும் என்று மாடியில் இருந்த நாலு குழாயில் மூன்றை அடைக்கச் சொன்னதும் நீதான். மிச்சம் இருந்த ஒரு குழாய் சரியாகத் தறி ரூம் மூலையில் தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நிற்கிறது. ஓட்டு வீடாக இருந்தபோது கூடத் தண்ணீர் சுவரை விட்டு இரண்டடி தள்ளித்தானப்பா விழுந்தது. இப்போது மொத்த மாடி மழையும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. சுவரில் ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவுக்கு விரிசல், உள்ளே பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. இவ்வளவும் எதற்கு? இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஏர்போர்ட்டிலிருந்து நீ ஏறி வருகிற வாடகைக் கார் அரைமணி நேரம் நிற்பதற்கு. அந்த டிரைவரும் போனதரம் தெருவில்தான் நிறுத்தினான்.

சுவர் ஓரமாக மூன்றடிக்குத் தரையை உடைத்து, மண் கொட்டி இடித்து, சுவரிலிருந்து வெளிப்பக்கம் வாட்டம் வைத்துப் பூச வேண்டும், குழாயைத் திருப்பிப் பின்னால் தென்னை மரம் வரைக்கும் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான், மூன்று நாள் வேலை என்றான் சடையன். நேற்று அவன் கடப்பாரையோடு வந்தால் உங்கப்பா குறுக்கே நிற்கிறார். பையன் ஆசையாகக் கட்டினது, அவனைக் கேட்காமல் ஒரு கல்லைப் பெயர்க்கக் கூடாதாம். அந்தப் பக்கம் விரல் போகிறது, இந்தப் பக்கம் சுவர் போகிறது, நடுவில் இவருக்கு உன் ஷெட் பெரிசாகப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது நீ போன் பண்ணினதாகவும், நான் வாயே திறக்காமல் நீயாகவே, மழை இப்படிப் பெய்கிறதே, அப்பா தறிக் குழிக்குத் தண்ணீர் வருகிறதா, வந்தால் ஷெட்டை உடைத்துவிடுங்கள், குழி நனையக் கூடாது என்று சொன்னதாகவும் சொன்னேன்.

அவர், "குழியப் பத்தியா கேட்டான்?" என்றார். ஆமாம் என்றேன். சாப்பிடும்போது இன்னொரு தரம் அதையே கேட்டார். இன்றைக்குக் காலையில் கட்டுப் போட்ட காலோடு போய், "பையனே சொல்லிட்டான், உடை" என்று சடையனுக்கு இவரே கடப்பாரையை எடுத்துக் கொடுக்கிறார். இந்நேரம் முள்ளிப்பட்டில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

குழந்தையை ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதீர்கள், காவ்யாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். முருகன் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நீங்கள் நன்றாக இருந்தால் எங்களுக்கு அது போதும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணும்போது உங்கப்பாதான் எடுப்பார், கட்டாயம் கேட்பார். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று உளறி வைக்காதே. ஆமாம்ப்பா, நான்தான் கேட்டேன் என்று சொல். நீ பிறந்ததிலிருந்து அந்தக் குழிதான் நம் வீட்டுக்குச் சோறு போட்டது, ஒருநாளும் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை ஹேமநாத். இந்த ஒருதரம் உனக்காக நான் கேட்டுவிட்டேன், இனிமேல் நீயே கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
அ. ஜெயம்