சிங்கர் என்று எழுதினேன்

12 பிப்ரவரி 1991, செவ்வாய்

உடற்கல்வியில் ஃபெயில். ஒரே ஒரு மார்க்கில். இந்த வருடம் அதையும் பரீட்சைப் பாடமாக்கி, கேள்வித்தாளை இங்கிலீஷில் கொடுத்தார்கள். கபடியில் எதிரணிக் கட்டத்துக்குள் போகிறவளுக்கு என்ன பெயர் என்று ஒரு கேள்வி. இரும்புலியூரில் எங்களுக்கு அவள் எப்போதும் 'பாடிப் போறவ'தான். அதனால் 'சிங்கர்' என்று எழுதினேன். புத்தகத்தில் 'ரெய்டர்' என்று இருக்கிறதாம்.

பி.டி. மிஸ் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு பாட்டு பாடேன்டி" என்று ஆரம்பித்தவள் சுதா. வெயில் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சீட்டு கொடுத்துவிட்டு வருடம் முழுக்க நிழலில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்குத்தான் முதல் மார்க்.

"மிஸ், நீங்களே அப்படித்தானே சொல்லுவீங்க?" என்றேன்.

"கிரவுண்டுல சொல்றது வேற, பேப்பர்ல எழுதறது வேற. உக்காரு."

அப்பாவிடம் ரேங்க் கார்டை இன்னும் காட்டவில்லை. "வெளையாட்டுல கூடவா ஃபெயிலு?" என்பார்.

சாயங்காலம் வேறு ஸ்கூலோடு கபடி மேட்ச். தோற்றுக்கொண்டிருந்தோம். கோட்டுக்கு வெளியே நின்று மிஸ் தொண்டை கிழியக் கத்தினார். "ஏய் ஸ்டெல்லா, பாடிப் போடி! பாடிப் போ!"

போனேன். மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மிஸ் ஓடி வந்து கட்டிக்கொண்டார். இப்போது உள்ளே போய் வந்தது யார் மிஸ், சிங்கரா ரெய்டரா என்று கேட்க வாய் திறந்தேன். மூச்சு மிச்சமில்லை.