நிலாவில் பேசக் கூடாது

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் ஒன்றுதான் கட்சி மாறிவிட்டது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வதில் பாதியை உன் அம்மா எழுதாமல் விழுங்கிவிடுவாள், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் தண்டனை, ஆனால் இந்தச் சேதியை மட்டும் முழுசாக எழுதவைத்தே தீருவேன், ஏனென்றால் இதில் முதல் குற்றவாளி நீ.

உன் தங்கை பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நம் கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறாள் அல்லவா, இது விண்வெளி வாரம். சுவரெல்லாம் கறுப்புத் தாள், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் ராக்கெட். என் சாய்வு நாற்காலியில் வெள்ளைப் போர்வையைப் போட்டு அதை நிலா ஆக்கிவிட்டார்கள், உட்காரப் போனால் தாத்தா, ராக்கெட்ல வராம நிலாவுல உக்காரக் கூடாது என்று ஒரு பொடிசு விரட்டுகிறது. அதுகூடப் போகட்டும். விண்வெளியில் சத்தம் கேட்காது, பிள்ளைகளைச் சைகையிலேயே பேசச் சொல் என்று போனில் யோசனை சொன்னாயே, அங்கேதான் வந்தது வினை. கடிகாரம் தண்ணீரில் மிதக்கும் என்று சாதித்து என் கைக்கடிகாரத்தைத் தொட்டியில் போட்டுக் காட்டியவன் நீ, அப்போது உனக்கு ஐந்து வயது, மேல் பட்டன் இல்லாத பச்சைச் சட்டை போட்டிருந்தாய். உன் விஞ்ஞானத்தை நான் அன்றோடு நம்புவதில்லை. உன் தங்கை இன்னும் நம்புகிறாள், பாவம். ராக்கெட் கிளம்பியதும் கூடமே கப்சிப். இந்தச் சட்டம் நம்ம வீட்டுக்கும் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும் என்று உன் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரர் மகள் ஒருத்தி வருகிறாள், நாலு வயசு, நாங்கள் குண்டூசி என்போம், வாய் ஓயாது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனவள் வாயே திறக்கவில்லை, தண்ணீர் வேண்டுமென்றாலும் கைஜாடைதான். மறுநாள் காலை டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள், தொண்டையில் ஒன்றுமில்லை என்றாராம். அவள் அப்பாவும் அம்மாவும் அவளைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார்கள். என் பிள்ளைய என்னங்க பண்ணினீங்க, மிரட்டி வச்சீங்களா என்று அந்த அம்மா வாசலில் நின்று கேட்ட கேள்வியில் இன்னும் இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதை நம்பித்தானே உன் தங்கை இருந்த வேலையை விட்டாள். முகாமை மூடிடலாம்ப்பா என்று என் காதோடு சொன்னாள்.

ஆனாலும் கெட்டிக்காரிதான். குண்டூசியின் முன்னால் மண்டியிட்டு, என்னடா கண்ணு என்று சைகையிலேயே கேட்டாள். அது விரலை மேலே காட்டியது. சட்டென்று இவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தினமும் முடிக்கும்போது பத்து, ஒன்பது என்று எண்ணி ராக்கெட்டைப் பூமியில் இறக்குவார்கள், செவ்வாய்க்கிழமை திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, செருப்பை மாட்டி எல்லோரையும் ஓட்டிவிட்டாள், இறக்கவே இல்லை. மற்ற வானரங்கள் வாசலிலேயே குதித்து இறங்கிக்கொண்டன, சொன்ன சொல் தவறாத இவள் மட்டும் இன்னும் மேலேயே இருக்கிறாள்! தனியாக ராக்கெட்டில் ஏறவும் மாட்டேன் என்று தலையாட்டுகிறாள், தன் அப்பாவைக் கைகாட்டுகிறாள். மருந்துக்கடைக்காரர் உடம்பு உனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார், எல்லோரும் சேர்ந்து எண்ணினோம், பூமி வந்தாச்சு என்று உன் தங்கை கத்தினாள்.

குண்டூசி வெளியே வந்து தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கைவைத்து, ஏம்மா, அந்த டாக்டர் மாமாவுக்கு நிலாவுல பேசக் கூடாதுன்னு யாருமே சொல்லலியா, ஆ சொல்லு ஆ சொல்லுன்னு ஒரே தொந்தரவு என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டு பைகளும் தானாக ஆணிக்குத் திரும்பின. அவள் அப்பாவை வெளியே எடுக்கத்தான் ராக்கெட்டைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

உன் தங்கை வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் ஆடிப்போயிருக்கிறாள். கூப்பிட்டு, நல்லா சமாளிச்சே என்று ஒரு வார்த்தை சொல், அண்ணன் சொன்னால் அவளுக்கு அது வேறு. மருமகளைக் கேட்டதாகச் சொல். நோய்நொடி அண்டாமல், மனம்போல் எல்லாம் அமைந்து நீங்கள் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, அடுத்த வாரம் கடல் வாரமாம், மீன்களைப் பற்றி உனக்கு என்ன தெரிந்திருந்தாலும் தயவுசெய்து உன்னோடு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
பெருவிரல் ரேகை வைக்கும் உன் அப்பா