சந்தனத்துக்கு அடியில் இருந்த வரிகள்

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள முகம்மது அப்சலுக்கு, மரப்பட்டறை சௌந்தரபாண்டியன் எழுதுவது. ஷார்ஜாவில் நீ சுகமாக இருக்க வேண்டும்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். இது வேறு யாரும் எழுதித் தந்ததில்லை. அறுபத்தெட்டு வயதில் நானே எழுதுகிறேன். ஆறு மாதமாக எப்சிபா டீச்சரின் மாலை வகுப்புக்குப் போகிறேன். ‘ழ’ மட்டும் இன்னும் எனக்கு அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டு படிப்பதுதான் இப்போது பொழுதுபோக்கு. ராயகிரி சுலபம். கரிவலம்வந்தநல்லூரைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும், பின்னாலேயே ஓடுவேன். “வே, ஏறுதீரா, பரீட்சை எழுதுதீரா?” என்று கண்டக்டர் கத்துவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

இந்தச் சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை, பட்டறையில் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். பலகை இழைக்கும் திக்னஸ் மெஷினில், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம் ஓடு மாதிரி காய்ந்திருக்குமே, அதன் ஓரத்தில் ஒரு ‘ப’ எட்டிப் பார்த்தது. நீ ஒருமுறை அதைத் துடைக்கப் போனபோது, “சாமிக்கு வச்சதுல கை வைக்காதலே” என்று தடுத்தேன். இப்போது நானே ஈரத்துணியால் துடைத்தேன். மெஷினில் ஒட்டியே வந்த எச்சரிக்கைத் தாள், தமிழில். எழுத்துக் கூட்ட அரைமணி நேரம் ஆனது.

“மெல்லிய பலகையைத் தனியாக விடாதீர். அடியில் கனமான பலகை வைத்து இரண்டையும் சேர்த்து விடவும். ஒரே தடவையில் அதிகம் சீவாதீர். மெஷின் வாய்க்கு நேரே குனிந்து பார்க்காதீர்.”

படித்ததும் அருவருப்பாக இருந்தது. மெஷினைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

நாலு வருஷத்துக்கு முன் சாமி மாடக் கதவுக்கு ஐந்து மில்லி கனத் தேக்குப் பலகை இழைத்த அன்று, “அண்ணாச்சி, பலகை படபடன்னு அடிக்கி. அடியில ஒரு தடிப் பலகையைக் கொடுத்து விடுவோமா?” என்று கேட்டாய். நான், “மரத்துக்கு மெத்தை விரிக்கியாக்கும்? குனிஞ்சு பாத்துத் தள்ளுலே” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மறு நிமிஷம் பலகை நொறுங்கி, சில்லு உன் இடது கண்ணில் ஏறியது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் அசிங்கம். அது ரம்ஜான் மாதம். ‘நோன்பு மயக்கத்தில் பலகையைத் தப்பாக விட்டுவிட்டான்’ என்று ஆஸ்பத்திரியிலேயே எல்லாரிடமும் சொன்னேன். உன் உம்மா மீரா பீவி அதை அப்படியே நம்பினார். அன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டு நேரத்தில் அவர் அயர்ந்து தூங்கிவிட்டதால், நீ ஒன்றும் சாப்பிடாமலே நோன்பு பிடித்திருந்தாயாம். “எம் புள்ள கண்ண நாந்தான் கெடுத்தேன் அண்ணாச்சி” என்று என் முன்னால் அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். படிக்கத் தெரியாதவன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அந்தத் தாளுக்குத்தான் எழுத்து தெரிய வேண்டும். நீ சொன்னதைக் கேட்கக் காது போதும், அது இருந்தது.

இப்போது அடிப்பலகை இல்லாமல் இங்கே மெல்லிய பலகை மெஷினுக்குள் போவதில்லை. சந்தனம் இனி ஒரு பொட்டுதான், அதுவும் மெஷினின் பின்பக்கம். அடிப்பலகைக்கு ‘அப்சல் பலகை’ என்று பெயர் வைப்போம் என்றான், உன் இடத்தில் வேலை செய்யும் சங்கரபாண்டி. கண்ணை எடுத்துக்கொண்டு பெயரை வைப்பதா? சீ, வேண்டாம் என்றேன்.

அந்தத் தாளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூர் போய், உன் உம்மா முன்னால் நானே எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நீ சொன்னதையும் என் பொய்யையும் சொல்லுவேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அது முடிந்திருக்கும். அவர் உன்னிடம் போனில் என்னைத் திட்டினால், ‘வயசான மனுஷன், விடும்மா’ என்று மட்டும் சொல்லிவிடாதே மக்கா. திட்டட்டும்.

உன் வலது கண்ணை ஆண்டவன் நூறு வருஷம் காக்கட்டும். உம்மா சொன்னதை அடுத்த வாரம் எழுதுகிறேன். வசவாக இருந்தாலும் ஒரு எழுத்து விடமாட்டேன். தெரியாத எழுத்தை டீச்சரிடம் கேட்டாவது எழுதுவேன்.

இனி கைநாட்டு வைக்காத,
சௌந்தரபாண்டியன்