கழற்றிய இரண்டு பிளேட்டுகள்

மாப்ள,

இன்று காலை தோட்டத்து மோட்டார் அறையில் உரமூட்டையை இழுத்தபோது, அதன் பின்னால் சாய்த்து வைத்திருந்த இரண்டு ஸ்பிரிங் பிளேட்டும் சரிந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தன. நம் பிக்கப் வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கிய இரும்புப் பட்டைகள், நான் கழற்றியவை. வலி தாங்காமல் உன்னைத்தான் திட்டினேன். போய்ச் சேர்ந்த ஆளைத் திட்டலாமா என்று கேட்காதே. உன்னைத் திட்ட எனக்கு அந்த விரலைவிடப் பெரிய காரணம் இருக்கிறது.

தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவனுக்கு என் பழைய வண்டியின் மேல் என்ன அப்படியொரு ஆசையோ! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், பஸ் ஏறிச் சுருளிப்பட்டிக்கு வந்துவிடுவாய். வண்டி என் பேரில்தான் இருந்தது, ஆனால் அதற்குள் கைவிடும் உரிமை உன்னுடையது. ஏர் ஃபில்டரை மாற்றினாய். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றித் துடைத்தாய். டீசல் பம்பின் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி இன்ஜினுக்கு வேகம் ஏற்றினாய். திருகு முதலில் இருந்த இடத்தில் மட்டும் மறக்காமல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தாய். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி "போதும்டா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். "கம்பம்மெட்டு ஏத்தத்துல செகண்ட் கியர்லயே சிணுங்காம ஏறணும் மாப்ள. அதுவரைக்கும் போதாது" என்பாய். ஏறத்தான் செய்தது. பின்னால் வந்த பஸ்காரர் நம் கரும்புகையில் மாட்டிக்கொண்டு நம் இரண்டு பேர் பரம்பரையையும் இழுத்ததும் உண்மைதான். உன் மனைவி, என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடும் தங்கச்சி, உன் சட்டைக் கறையைத் துவைத்தே ஓய்ந்து போனாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, பின்பக்கம் மூன்று பிளேட் கூடுதலாக ஏற்றியது. இனி எவ்வளவு பாரம் வைத்தாலும் வண்டி அமுங்காது என்று கைதட்டிச் சிரித்தாய். அடுத்த வாரம் பன்னீர் திராட்சை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே போனோம். கேரளா மார்க்கெட்டில் வியாபாரி கிரேட்டைத் திறந்தார். காம்பு தனியாகக் கிடந்தது, பழம் தனியாகக் கிடந்தது. "அண்ணாச்சி, குலை எவிடே? மணி மாத்ரமே உள்ளு" என்றார். குலையைக் காணோம், உதிரிப் பழம் மட்டும்தான் இருக்கிறதாம். வண்டி அமுங்காமல் நின்ற மிதப்பில், ஸ்பிரிங் வாங்காத குலுக்கலெல்லாம் எங்கே போகும் என்று நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கிடம் போயிருப்பார்கள். நீ பின்னால் ஏறி, கிரேட்டுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய். "நானே திராட்சையா இருந்து பாக்குறேன். நீ ஓட்டு" என்றாய். கம்பம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீ போட்ட சத்தம்! "ஏலே, இங்கன தூக்கி அடிக்குது! ஓட்டுறியா உழுவுறியா?" ரோட்டோரம் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பிளேட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தாய். சத்தம் பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்த இரண்டு பிளேட்டும் நிலைத்துவிட்டன. அதன் பிறகு எந்த வியாபாரியும் குலையைத் தேடவில்லை.

உன் முதுகெலும்பு வரை புற்றுநோய் இறங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, நீ புரண்டு படுத்தாலே அலறிக்கொண்டிருந்தாய். ஆம்புலன்ஸ் பேசட்டுமா என்று கேட்டேன். "சைரன் அடிச்சுக்கிட்டு எங்க தெருவுக்குள்ள வர மாட்டேன். நம்ம வண்டியக் கொண்டா மாப்ள" என்றாய். நீ ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆளா? பாரம் சுமக்கவென்றே நீ இறுக்கி வைத்த வண்டியில், சின்ன அதிர்வுகூட ஆகாத உன் உடம்பைத் தேனி வரை கொண்டுவர வேண்டும்.

அதுவரை தனியாக ஒரு நட்டைக்கூட நான் கழற்றியதில்லை. அன்று ஜாக்கி வைத்து, வண்டிக்கு அடியில் படுத்து, இரண்டு பிளேட்டையும் உருவினேன். பின்னால் படுத்திருக்கும் உன் மேல் புகை சுழன்று வரக்கூடாது என்று பம்பின் திருகைச் சிவப்புக் கோட்டுக்கே கொண்டுவந்தேன். இன்ஜின் அதிர்வு தெரியாமலிருக்க அதைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினேன். டயரில் காற்றைக் குறைத்தேன். வெறும் வண்டி துள்ளும் என்று மணல் மூட்டை அடுக்கினேன். உன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை ஒரே பகலில் பிரித்துப் போட்டேன். அப்புறம் என் மகளை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் மெத்தை போட்டு மல்லாந்து படுத்துக் கம்பம் வரை போய் வந்தேன். தொட்டிலில் கிடப்பது போலத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மதுரையில் உன்னை ஏற்றினோம். தங்கச்சி உன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என் கண் ரோட்டில் இருந்தாலும் காது முழுக்கப் பின்னாலேயே இருந்தது. உசிலம்பட்டி தாண்டியது, ஆண்டிபட்டி கணவாய் தாண்டியது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினேன். உன்னிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. உன் வீட்டு வாசலில் இறங்கி ஓடிவந்து, "எப்படிடா இருந்துச்சு?" என்றேன். உன் முகம் வியர்த்து வழிந்தது. வெயில்தான் என்று நினைத்தேன். "ஒண்ணுமே தெரியல மாப்ள. பிளேட்டக் கழட்டுனியோ? நீயும் தொழிலக் கத்துக்கிட்டடா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன்.

இரண்டே வாரத்தில் நீ போய்விட்டாய். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு தங்கச்சி சொன்னாள்.

"ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாக அண்ணே. வழி பூராம் துண்டக் கடிச்சுக்கிட்டே வந்தாக. கணவாய் தாண்டுறதுக்குள்ள துண்டு கிழிஞ்சே போச்சு. வண்டிய நிப்பாட்டச் சொல்லவான்னு கேட்டேன், வேணாம்னு தலைய ஆட்டிட்டாக. 'பாவம், அவன் அம்புட்டையும் கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கான். கத்துனா ஒடஞ்சு போயிருவான்'னாக."

உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். நான் நல்ல முதுகை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அதற்கு உன் முதுகைப் பற்றி என்ன தெரியும்? அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று, சரி. பழத்துக்காக ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தியவனுக்குத் தன் வலிக்கு ஒரு தரம் கத்தத் தெரியாதா? ஓரமாக நிறுத்தியிருப்பேனே. சைரனோ என்னவோ, வேறு வண்டி வரவழைத்திருப்பேனே. இப்படித் திட்டிக்கொண்டே போய்க் கடைசியில் அழுதுவிடுகிறேன்.

பிளேட்டை நான் திரும்ப மாட்டவில்லை. பாரத்தைக் குறைத்துத்தான் ஏற்றுகிறேன். ஏற்றத்தில் வண்டி முக்குகிறது, முக்கட்டும். அறுப்பு நாட்களில் வேலைக்கு வரும் பெண்கள் பின்னால் ஏறிக்கொள்கிறார்கள். ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டு வந்தால் எனக்கு நிம்மதி. பேச்சு நின்றால் கை தானாக வண்டியை ஓரம் கட்டிவிடுகிறது. இறங்கிப் பின்னால் போகிறேன்.

"என்னண்ணே, நின்னுட்டீக?"

"சத்தத்தையே காணோமே ஆத்தா. ரொம்பக் குலுக்குதோ?"

"இல்லண்ணே. காத்துக்குக் கண்ணு அசந்துட்டோம்."

அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.