முனையில் நிற்கும் பேனர்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

உடம்பு அசந்து போச்சு, தூக்கம் மட்டும் வரல.

போன வாரம் என் பையன் குமாரோட மலேசியா விசாவை விழுப்புரத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல காட்டினோம். அது டூரிஸ்ட் விசாவாம், அதுல வேலை செய்யக் கூடாதாம். விசா வாங்கிக் குடுத்த ஏஜெண்ட்டைக் கேட்டா, "அங்க போய் மாத்திக்கலாம்மா"ன்னு சிரிக்கிறான். பயணத்தை நிறுத்திட்டோம்.

ஆனா திண்டிவனம் ரோட்டு முனையில, அவன் மலேசியா போறான்னு வெச்ச வாழ்த்து பேனர் இன்னும் நிக்குது. பேனர் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல ஒட்டவெச்ச கோட்டோட குமார் சிரிக்கிறான். மூலையில ஏஜெண்ட் படமும் போன் நம்பரும். அவனே செலவு பண்ணி வெச்ச பேனர். அன்னிக்கு எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப கழட்டச் சொன்னா வீட்டுக்காரர், "ஊரு சிரிக்கும். மழையில தானா கிழியட்டும்"ங்கிறார்.

இன்னிக்கு கிளியனூர் செல்வி வந்தா. பேனரைப் பார்த்து நம்பி, அவ பையன் பாஸ்போர்ட்டை அந்த ஏஜெண்ட்டுகிட்ட குடுத்திருக்கா. நடந்ததை எல்லாம் சொன்னேன், ஜல்தியா போய் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குன்னேன். அவ திருப்பிக் கேட்டா:

"தெரிஞ்சுமா அக்கா அந்த பேனரை இன்னும் வெச்சிக்கினு இருக்கீங்க?"



ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். விடிஞ்சதும் அந்த பேனர் கயித்தை அறுத்துட்டுதான் அடுப்பு பத்த வெப்பேன்.